பர்னிச்சர் கடைகளுக்கு முதல் மின்னஞ்சல்: முழு கேட்லாகா, ஒரே பொருளா, சந்திக்க நேரம் கேட்பதா?

பர்னிச்சர் செய்பவருக்குக் கடைகளைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. பட்டறையில் வேலை சுத்தமாக நடக்கும், மரம் நல்ல மரமாக இருக்கும், பாலிஷ் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதை வாங்கி விற்க வேண்டிய கடைக்காரருக்கு அப்படி ஒரு பட்டறை இருப்பதே தெரியாது. அறிமுகம் எதுவும் இல்லாமல் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியாக வேண்டும். எழுத உட்கார்ந்ததும் எழும் முதல் குழப்பம் எதை அனுப்புவது என்பதுதான். எப்படி எழுதுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. முழு கேட்லாகையும் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம். ஒவ்வொரு கடையாகப் பார்த்து, அதற்குப் பொருந்தும் ஒரே ஒரு பொருளைப் பற்றி எழுதலாம். பொருளைப் பற்றி அதிகம் பேசாமல் சந்திக்க நேரம் மட்டும் கேட்கலாம். அல்லது இந்த வேலையையே ஒரு கமிஷன் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடலாம். என் வாக்கு இரண்டாவது வழிக்கு. ஆனால் அது எல்லா இடத்திலும் செல்லாது. எங்கே செல்லாது என்பதையும் சொல்கிறேன்.

கடைக்காரர் போடும் கணக்கு

முதலில் மின்னஞ்சலைத் திறப்பவரின் நிலைமையைப் பார்ப்போம். மூன்று பேர் அமரும் சோபா ஒன்றை ஷோரூமில் வைக்க வேண்டுமென்றால், சுற்றி வர வழியும் விட்டு, ஏறக்குறைய 40 சதுர அடி வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சோபா இருக்கும். அது சுமாராகவாவது விற்றுக்கொண்டிருக்கும். ஆக, புதிய பொருள் ஒன்றை எடுப்பதென்றால் கடைக்காரர் பழையது ஒன்றை வெளியேற்ற வேண்டும். புதிதாக ஒன்று வாங்கலாமா என்று அவர் யோசிப்பதில்லை. எதை எடுத்துவிட்டு இதை வைப்பது என்றுதான் யோசிக்கிறார்.

அதற்கு அவருக்குச் சில எண்கள் தேவை. சதுர அடிக்கு எவ்வளவு விற்பனை வரும், அதில் தன் கைக்கு எவ்வளவு நிற்கும், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும். வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்குக்கு விற்பது சில்லறை வியாபாரத்தின் பழைய பொதுக் கணக்கு. இடத்தை அடைக்கும் பொருள் என்பதால் பர்னிச்சரில் அதற்கும் மேலே எதிர்பார்ப்பவர்கள் உண்டு. இன்னொரு பயமும் இருக்கும். டெலிவரியில் கால் உடைந்து போகும், பெட்டியில் ஒரு ஸ்க்ரூ குறையும், வாடிக்கையாளர் கடைக்குத்தான் போன் செய்வார். தெரியாத சப்ளையர் என்றால் அந்தப் பயம் இரட்டிப்பாகும்.

எந்த வழி இந்தக் கணக்கைப் போட அவருக்கு உதவுகிறதோ அதுதான் நல்ல வழி. இந்த அளவுகோலை வைத்தே நான்கையும் பார்க்கிறேன்.

கேட்லாக்கை எல்லோருக்கும் அனுப்புவது

இதில் ஈர்ப்பு புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒரு முறை எழுதினால் போதும், செலவு குறைவு, ஆயிரம் பேருக்குப் போனால் பத்துப் பேராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்ற நம்பிக்கை. ஆனால் 80 பக்க கேட்லாக் கடைக்காரருக்கு ஒரு வேலையைத் தருகிறது. தன் கடைக்கு எது பொருந்தும் என்பதை அவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தெரியாத ஒருவருக்காக அந்த வேலையை யாரும் செய்வதில்லை. போதாக்குறைக்கு, நல்ல தரமான படங்களோடு செய்த கேட்லாக் சுலபமாக ஜிமெயிலின் 25 எம்பி வரம்பைத் தாண்டிவிடும். தாண்டாவிட்டாலும், முகம் தெரியாதவர் அனுப்பிய பெரிய கோப்பைத் திறக்கப் பலரும் தயங்குவார்கள்.

பெரிய ஆபத்து வேறு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புபவர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் தன் டொமைனில் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அமைத்திருக்க வேண்டும். விளம்பர மின்னஞ்சல் என்றால் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே சிக்கல்தான். சின்ன பட்டறை அந்த 5,000-ஐ எட்டாது, சரி. ஆனால் புகார்கள் சேரச் சேர டொமைனின் பெயர் கெடுவது எல்லோருக்கும் பொது. பெயர் கெட்டுவிட்டால் விளம்பரம் மட்டும் ஸ்பேமில் விழாது. பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் இன்வாய்ஸும், ஆர்டர் உறுதிக் கடிதமும் கூட அங்கேயே விழும். புதிய கடையைத் தேடப் போய், இருக்கும் கடையோடு பேசும் வழியை அடைத்துக்கொள்வதில் என்ன லாபம்?

வெளிநாட்டுக் கடைகளும் பட்டியலில் கலந்திருந்தால் சட்டமும் குறுக்கே வரும். அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் (2003) முன் அனுமதி கேட்பதில்லை. ஆனால் உங்கள் தபால் முகவரி மடலில் இருக்க வேண்டும், சப்ஜெக்ட் ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது, விலகக் கேட்டால் 10 வேலை நாளுக்குள் விலக்கியாக வேண்டும். கடைக்கும் கம்பெனிக்கும் எழுதுவதற்கும் இதே விதிதான். கனடாவின் சட்டம் 2014-இலிருந்து ஒப்புதல் கேட்கிறது. கடையே தன் முகவரியை வெளிப்படையாகப் போட்டிருந்து, உங்கள் செய்தி அவர் வேலைக்குத் தொடர்புள்ளதாகவும் இருந்தால் ஒப்புதல் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் கம்பெனிக்கு அனுமதியில்லாமல் எழுதலாம். தனி ஒருவர் நடத்தும் கடை என்றால் சட்டம் அவரைத் தனிநபராகவே பார்க்கும், அவருடைய ஒப்புதல் வேண்டும். ஜெர்மனியில் வியாபாரிக்கு வியாபாரி எழுதினாலும் முன் ஒப்புதல் கட்டாயம், ஆகவே அங்கே தபாலில் கடிதம் போடுவதோ கண்காட்சியில் நேரில் பார்ப்பதோ நல்லது. ஒரே மடலை எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் தட்டிவிடும் முறை இத்தனை வேறுபாடுகளைத் தாங்காது.

கேட்லாகே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டவருக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே வாங்குபவருக்குப் புதிய சீசனில் அனுப்புங்கள். முதல் கடிதமாக மட்டும் வேண்டாம்.

ஒரு கடை, ஒரு பொருள்

இதற்கு உழைப்பு அதிகம். ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு கடிதங்களுக்கு மேல் போகாது. கடையின் இணையதளத்தைத் திறந்து, அவரிடம் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். அந்த ஓட்டைக்குப் பொருந்தும் பொருள் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கடிதத்தை முழுசாகவே எழுதிப் பார்க்கலாம்.

"சப்ஜெக்ட்: உங்கள் டைனிங் டேபிள் வரிசைக்கு – 120 செ.மீ., விரித்தால் 160

வணக்கம்.

உங்கள் தளத்தில் ஆறு பேர் அமரும் டைனிங் டேபிள்கள் ஒன்பது பார்த்தேன். நான்கு பேருக்கானவை இரண்டு. விரித்துப் பெரிதாக்கும் வகை எதுவும் இல்லை.

நாங்கள் செய்யும் டேபிள் 120 செ.மீ. நீளம். நடுப்பலகையை இழுத்தால் 160 ஆகும். ரப்பர் மரம், கழற்றி மாட்டும் கால்கள். ஒரே பெட்டி, 38 கிலோ, 0.14 கன மீட்டர்.

குறைந்தபட்ச ஆர்டர் 20. ஆர்டர் உறுதியான 45-ஆம் நாள் சரக்கு கிளம்பும். வழியில் எந்தப் பாகம் உடைந்தாலும் மாற்றுப் பாகம் எங்கள் செலவில் வரும்.

மொத்த விலையும் நான்கு படங்களும் இந்த இணைப்பில் இருக்கின்றன.

இந்த அளவில் டேபிள் சேர்க்கும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் ஒரு சாம்பிள் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்."

கீழே பெயர், தொலைபேசி எண், முகவரி. இனி எழுத வேண்டாம் என்றால் ஒரு வரி பதில் போதும் என்ற குறிப்பு. அவ்வளவுதான்.

இதில் கம்பெனி எப்போது தொடங்கியது, தரத்தில் சமரசம் இல்லை, வாடிக்கையாளரே தெய்வம் என்ற வரிகள் எதுவும் இல்லை. அவற்றைத் தேடி யாரும் கடிதத்தைத் திறப்பதில்லை. முதல் பத்திதான் கடிதத்தைத் தாங்குகிறது. தன் கடையை ஒருவர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்பது அந்த மூன்று வரியில் தெரிந்துவிடும். "உங்கள் அருமையான கடையைக் கண்டு வியந்தோம்" என்று எழுதினால் அது தெரியாது, ஏனென்றால் அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

கன மீட்டர் அளவை ஏன் போட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பர்னிச்சரில் சரக்குக் கூலி எடையைவிட இடத்துக்குத்தான் ஏறும். 40 அடி ஹை கியூப் (உயரம் கூடிய) கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 76 கன மீட்டர். பெட்டிகளை அடுக்கும்போது இடைவெளி போக 68 நிறையும் என்று வைத்துக்கொள்வோம். முழுதாகப் பொருத்திய நாற்காலிகள் இரண்டு ஒரு பெட்டியில், பெட்டி 0.285 கன மீட்டர் என்றால் 238 பெட்டி, 476 நாற்காலி போகும். அதே நாற்காலியைக் கழற்றி மாட்டும் வகையாகச் செய்து இரண்டையும் 0.1 கன மீட்டர் பெட்டியில் அடக்கினால் 1,360 நாற்காலி. ஒரு நாற்காலிக்கு விழும் கப்பல் கூலி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. இறக்குமதி செய்யும் கடைக்காரர் கடிதத்தில் அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார். அழகான படத்தால் முடியாத வேலை இது.

விலையை முதல் கடிதத்திலேயே சொல்லலாமா என்பது தனி வாதம். போட்டியாளர் கைக்குப் போய்விடும், பேரம் பேச இடமிருக்காது என்று பலர் மறைக்கிறார்கள். நான் சொல்லிவிடும் கட்சி. விலை தெரியாமல் மார்ஜின், அதாவது கைக்கு நிற்கும் லாபம், தெரியாது, மார்ஜின் தெரியாமல் அவர் எந்த முடிவும் எடுக்க முடியாது. "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்ற வரி அவரை இன்னொரு கடிதம் எழுத வைக்கிறது. பெரும்பாலோர் எழுத மாட்டார்கள். எண்ணிக்கை கூடினால் குறையும் என்று இரண்டு படி விலை கொடுத்துவிட்டால் பேரத்துக்கும் இடம் இருக்கும். ஆனால் வெளிநாட்டுக் கடைக்கு என்றால் அந்த விலை எதுவரைக்கும் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டறை வாசலில் கொடுக்கும் விலையா, கப்பலில் ஏற்றித் தரும் எஃப்ஓபி விலையா, வரியும் கட்டி அவர் வாசலில் இறக்கும் டிடிபி விலையா? அது இல்லாத விலைக்கு அர்த்தமே இல்லை.

சந்திக்க நேரம் கேட்பது

"15 நிமிடம் பேச முடியுமா?" என்று இரண்டு வரியில் முடிக்கும் கடிதம் பார்க்க அடக்கமாகத் தெரியும். ஆனால் அது கேட்பது கடைக்காரரிடம் மிகக் குறைவாக இருக்கும் பொருளை. எதற்காகப் பேச வேண்டும் என்பது கடிதத்தில் இல்லாதபோது அவர் ஏன் நேரம் கொடுப்பார்? வெறும் சந்திப்புக் கடிதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு இடத்தில் மட்டும் இது நன்றாக வேலை செய்யும். ஒன்று, கண்காட்சிக்கு முன்னால். அமெரிக்காவின் ஹை பாயின்ட் மார்க்கெட் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கிறது. மிலானின் சலோனே டெல் மொபிலே ஏப்ரலில். அங்கே வருபவர் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார். அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே, ஹால் எண், ஸ்டால் எண், காட்டப்போகும் ஒரு பொருளின் படம், இரண்டு நேரங்கள் என்று எழுதினால் அவருடைய அட்டவணையில் ஓர் இடம் கிடைக்கலாம். கண்காட்சி தொடங்கும் வாரத்தில் எழுதினால் அட்டவணை நிரம்பியிருக்கும்.

இன்னொன்று, பெரிய செயின் கடைகள். அங்கே ஒவ்வொரு பிரிவுக்கும் தனி கொள்முதல் மேலாளர் இருப்பார். ஆண்டில் குறிப்பிட்ட காலத்தில்தான் அந்தப் பிரிவை எடுத்து அலசுவார்கள். அந்தக் காலம் தவறினால் எவ்வளவு நல்ல டேபிளும் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே, "டைனிங் பிரிவை அடுத்து எப்போது பரிசீலிக்கிறீர்கள், அதற்கு எந்தத் தேதிக்குள் விவரம் வர வேண்டும்?" என்ற கேள்வி மிகப் பயனுள்ளது. பதில் சொல்ல அவருக்கு அரை நிமிடம் போதும். உங்களுக்கோ கடிதம் எழுத வேண்டிய மாதம் கிடைத்துவிடும்.

ஏஜென்ட்டிடம் கொடுப்பது

நல்ல ஏஜென்ட்டின் கடிதம் தெரிந்தவர் எழுதும் கடிதம். பாதி தடை அங்கேயே விலகிவிடும். அதற்குக் கமிஷன் உண்டு, கடைக்காரரோடு உள்ள உறவும் அவர் கையில்தான் இருக்கும். மொழி தெரியாத நாட்டுக்கும், முன் ஒப்புதல் கட்டாயமான நாட்டுக்கும் இதுவே சரியான வழி. உங்கள் ஊரிலேயே, உங்கள் மொழியிலேயே இருக்கும் கடைகளுக்கு ஏஜென்ட் தேவையா என்று யோசியுங்கள்.

கடையின் வகையைப் பொறுத்து

உரிமையாளரே உட்கார்ந்திருக்கும் தனிக் கடைக்கு மேலே காட்டிய கடிதம் அப்படியே பொருந்தும். குறைந்தபட்ச ஆர்டரை மட்டும் இன்னும் இறக்க வேண்டியிருக்கும். 20 டேபிளை வைக்க அவரிடம் குடோன் இருக்காது. நான்கைந்து பொருள்களைக் கலந்து 20 என்றால் ஒப்புக்கொள்வார்.

ஆன்லைன் கடைக்கு இடப் பிரச்சினை கிடையாது. அதனால் ஒரே பொருள் என்ற விதியைத் தளர்த்தி ஒரு சிறிய தொகுப்பாகவே காட்டலாம். ஆனால் அவர் கவலை முழுக்க பேக்கிங் பற்றியது. பெட்டி கூரியரில் தூக்கி எறியப்பட்டாலும் உள்ளே இருப்பது பிழைக்க வேண்டும். 70 கிலோ வரையிலான பார்சல்களுக்கு பேக்கிங் தாங்குமா என்று பார்க்கும் ஐஎஸ்டிஏ 3ஏ என்ற சோதனை இருக்கிறது. அதில் தேறிய அறிக்கை கையில் இருந்தால் சப்ஜெக்ட் வரியிலேயே போடலாம். வெள்ளைப் பின்னணிப் படங்கள், எல்லா அளவுகள், பெட்டியின் அளவு எல்லாம் ஒரே ஷீட்டில் தயார் என்று ஒரு வரி சேருங்கள். அவருடைய பாதி வேலை முடிந்தது.

செயின் கடைக்குச் சட்டப்படியான சோதனைகள்தான் வாசல். அமெரிக்காவில் துணி வைக்கும் டிராயர் அலமாரிகள் குழந்தைகள் மேல் கவிழாமல் இருக்க ஏஎஸ்டிஎம் எஃப்2057-23 தரம் 2023 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். பிரிட்டனில் மெத்தை வைத்த இருக்கைகளுக்கு 1988-இன் தீப்பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு என்றால் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவைக் கேட்பார்கள். இந்தச் சோதனைகளின் அறிக்கை கையில் இல்லாதவர் செயின் கடைக்கு எந்த வகைக் கடிதம் எழுதியும் பயனில்லை. மாதம் 30 டேபிள் செய்யும் பட்டறையும் அவசரப்பட வேண்டாம். ஆர்டர் வந்து கொடுக்க முடியாமல் போவது, ஆர்டரே வராததைவிட மோசம்.

எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்?

எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிப்பவர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறந்ததாக எண்ணிக்கை ஏறும், உண்மையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பதில்களை மட்டும் எண்ணுங்கள். அதிலும் விலை, சாம்பிள், டெலிவரி பற்றிக் கேட்டு வந்த பதில்களைத் தனியாக எண்ணுங்கள்.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரு முறை எழுதலாம். "என் முந்தைய மடலைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் எழுதுவது அவருக்கு எதையும் தருவதில்லை. புதிதாக ஏதாவது ஒன்று போக வேண்டும்: பெட்டிக்குள் டேபிள் எப்படி அடங்குகிறது என்று காட்டும் படம், கால்களை மாட்டும் சின்ன வீடியோ, புதிதாக வந்த நிறம். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு மூன்று வாரம் விட்டு இன்னொன்று. அதற்கு மேல் அந்தப் பொருளைப் பற்றி அந்தக் கடைக்கு எழுத வேண்டாம். வேறு பொருள் வரும்போது, அவர் கடையை மறுபடி பார்த்துவிட்டு எழுதலாம்.

"இப்போது வேண்டாம்" என்று யாராவது பதில் போட்டால் அதை மறுப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நன்றி சொல்லி, எந்த மாதம் எழுதினால் சரியாக இருக்கும் என்று ஒரே கேள்வி கேளுங்கள். சொன்னால் கடையின் பெயருக்கு எதிரே அந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். "விலை அதிகம்" என்று வந்தால் உடனே குறைக்கவும் வேண்டாம். கடையில் என்ன விலைக்கு விற்க நினைக்கிறார் என்று கேளுங்கள். அந்த விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும், மரத்தை மாற்றினால் போதுமா, கால்களை எளிமையாக்க வேண்டுமா, அல்லது இந்தக் கடை நம் பொருளுக்கு ஒத்துவராதா என்று.